பைக்குள் கிடந்த ஊதாப் பட்டை

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேல் அந்த வார்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று சொன்னால் நம்ப முடியாது. அப்படித் தூங்குவார்கள். ஜன்னல் திரை காற்றில் வயிறு உப்பி மெல்ல இளைக்கும். ஆக்ஸிஜன் குடுவையில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டே இருக்கும். வெயில் தரையில் ஒரு சதுரமாக விழுந்து, யாரும் பார்க்காதபோது கொஞ்சம் நகர்ந்து உட்காரும். பத்துக் கட்டில்களும் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி எங்கேயோ போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும். மற்றவர்களுக்கு எப்படியோ, மேகம் சிஸ்டருக்கு அப்படித்தான் தோன்றியது.

மேகம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்தவள், ஏதோ யோசனையில் ஒரு மாடி கூடுதலாக ஏறி, ஆறு பேருக்குக் காய்ச்சல் பார்த்து எழுதிவிட்டாள். ஏழாவது ஆள் போர்வையை விலக்கி, மீசையைத் தடவிக்கொண்டு, "சிஸ்டர், இது ஆம்பளைங்க வார்டு" என்றார். ஆறு பேருக்கும் காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் பிசகில்லாமல் எழுதியிருந்தாள். அன்றிலிருந்து அவள் மேகம். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை, ஒரு ஊசியை இரண்டு முறை குத்தியதில்லை. ஆனாலும் ஒரு தடவை ஒட்டிய பட்டப்பெயரை யார் உரித்தெடுக்க முடியும்? அவளும் விட்டுவிட்டாள். சில சமயம் அது சௌகரியமாகக்கூட இருந்தது. மேகம்தானே என்று பாதிக் குற்றத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

ஏழாம் கட்டிலில் அறிவிப்பாளர் அம்மா. முப்பத்துநாலு வருஷம் ரயில் நிலையத்தின் மாடியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்னவர். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு, குரலைக் கேட்காதவர்கள் இல்லை. இப்போது எழுபத்தொரு வயது. நுரையீரல் இரண்டும் சலித்துப்போய், இதயமும் கூடச் சேர்ந்து சலித்துக்கொண்டிருந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழல். உடம்பு போர்வைக்கடியில் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

எல்லாரும் கண்ணயரும் நேரத்தில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"பயணிகள் கவனிக்கவும். நாலாம் நம்பர் கட்டிலிலிருந்து வீடு வரை செல்லும் வண்டி, டாக்டர் கையெழுத்துப் போடாத காரணத்தால் ஒரு நாள் தாமதமாகப் புறப்படும். தடங்கலுக்கு டாக்டர் வருந்த மாட்டார்."

நாலாம் கட்டில் அம்மாள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பார். தையல் பிரிந்துவிடப்போகிறது என்று மேகம் சிஸ்டர் பொய்க்கோபத்தோடு ஓடிவருவாள். வந்தவள் திரும்பிப் போக மாட்டாள். ஊசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். அந்தக் குரலைக் கேட்டால் வார்டின் நீளம் கூடிவிடும். சுவர்கள் விலகிக்கொள்ளும். யாரோ யாரையோ ஏற்றிவிட வந்து நிற்பதும், மூட்டை முடிச்சுகளும், தூரத்தில் ஒரு விளக்கு பெரிதாகிக்கொண்டே வருவதும் அவளுக்குத் தெரியும். காலை ஆறரைக்கு வேலைக்கு வந்து, படுக்கை மாற்றி, புண் துடைத்து, வசவு வாங்கி ஓய்ந்த கால்களுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் கூலி. அதற்காகவே வேலைக்கு வருகிறாளோ என்றுகூட அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

விருப்பத் தாளில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டபோதும் மேகம் சிஸ்டர்தான் சாட்சி. நரைத்த டாக்டர் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவசரமில்லாமல் விளக்கினார். மூச்சு நின்றால் என்னென்ன செய்வார்கள், நெஞ்சை எப்படி அழுத்துவார்கள், தொண்டை வழியாகக் குழாய் விட்டு மெஷினில் எப்படி மாட்டுவார்கள், எல்லாம்.

"குழாய் போட்டா பேச முடியுமா?"

"முடியாதும்மா. அது குரல் நாண்களுக்கு நடுவுல போகும்."

"அப்ப வேணாம், எழுதிக்குங்க." அவர் யோசிக்கக்கூட இல்லை. "காது பாதி போச்சு. கண்ணு முக்காவாசி போச்சு. முட்டி எப்பவோ போச்சு. மிச்சம் இருக்கிறது இந்தத் தொண்டை ஒண்ணுதான். அதோடயே போயிடறேன். நெஞ்சையும் அமுக்க வேணாம். வலி தெரியாம மட்டும் பாத்துக்குங்க."

"உங்க பொண்ணுக்குத் தெரியணுமே?"

"அவளும் நானும் முகம் குடுத்துப் பேசி மூணு வருஷமாச்சு. வந்தா சொல்லிக்கறேன்."

டாக்டர் போனபிறகு, மேகம் சிஸ்டர் ஊதாப் பட்டையில் பெயரும் நம்பரும் எழுதி அந்த அம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டினாள். அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் ஏற்பாடு. தாள் ஃபைலில் இருக்கும். ஆனால் மூச்சு நிற்கிறபோது யாரும் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஊதா இருந்தால் குழாய் இல்லை. பட்டையை மாற்றுவதற்கும் ஒரு விதி உண்டு. புதியதை எழுதி மறுகையில் கட்டிய பிறகுதான் பழையதை வெட்ட வேண்டும். ஒரு நிமிஷம் இரண்டு பட்டை இருந்தால் குற்றமில்லை, ஒரு நிமிஷம்கூட ஒன்றுமில்லாமல் இருக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவளே மேகம் சிஸ்டர்தான்.

அறிவிப்பாளர் அம்மா மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வளையல் நல்லாத்தான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், ஒரு வாக்குக் குடு. நான் கிளம்பறப்ப நீ டூட்டியில இருந்தா, அங்க இங்க ஓடாம என் கையப் பிடிச்சுக்கோ. யாரும் ஏத்திவிட வராத பயணிங்களப் பாத்திருக்கேன். பாவமா இருக்கும்."

"பிடிச்சுக்கறேம்மா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

மகள் வந்து சேர்ந்தபோது அம்மா பேசுகிற நிலையில் இல்லை. வெளியேற வேண்டிய கெட்ட காற்று ரத்தத்தில் தேங்கி, இரண்டு நாளாக மயக்கமும் முனகலுமாக இருந்தார். நாற்பது வயதிருக்கும் மகளுக்கு. சக்கரம் வைத்த பெட்டியைக்கூட எங்கும் வைக்காமல், பயணத்தின் கசங்கலோடு நேரே வார்டுக்குள் வந்துவிட்டாள். கட்டிலருகே போனவள் அம்மாவைத் தொடவில்லை. பெட்டியின் பிடியைத் தொட்டுக்கொண்டே நின்றாள்.

நரைத்த டாக்டர் அவளைத் தனியாக அழைத்துத் தாளைக் காட்டினார். அவள் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. "சரி டாக்டர், புரியுது டாக்டர்" என்றுவிட்டு நடைக்கு வந்து, டீ மெஷினுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் மேகம் சிஸ்டர் வேலை முடிந்து போகும்போதும் மகள் அதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பதினொன்றரை மணி. நரைத்த டாக்டர் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தார். பெரிய சிஸ்டர், வார்டுக்கே தலைவி, ஏழாம் கட்டில் ஃபைலையும் இன்னும் மூன்றையும் இடுக்கிக்கொண்டு மேல்மாடிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். கூட வேலை செய்கிறவள் வேறு வார்டிலிருந்து அன்றைக்கு மட்டும் உதவிக்கு வந்தவள். மேகம் சிஸ்டர் அறிவிப்பாளர் அம்மாவைத் துடைத்துவிடும்போது பார்த்தாள், வலது கை நீர் கோத்து வீங்கி, ஊதாப் பட்டை சதையில் பதிந்து இறுகியிருந்தது. விரல் நுனிகள் நிறம் மாற ஆரம்பித்திருந்தன. இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டாள்.

வெட்டிய பிறகுதான் விதி ஞாபகம் வந்தது. பரவாயில்லை, மேஜை இருபதடியில் இருக்கிறது, போய் எழுதிக்கொண்டு வந்தால் ஆயிற்று. வெட்டின பட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

நடையில் மகள் எழுந்து வந்து மறித்தாள். "சிஸ்டர், ஒரு நிமிஷம் உக்காருங்களேன்."

உட்கார்ந்தாள். அதுதான் அவள் தெரிந்து செய்த முதல் தப்பு.

"எங்களுக்கு என்ன சண்டைன்னு கேட்டா சிரிப்பீங்க" என்றாள் மகள். "நான் வெளிநாடு கிளம்பின அன்னைக்கு அவங்களுக்கு டூட்டி. மாத்தி வாங்கியிருக்கலாம், வாங்கல. சரி, வண்டி கிளம்பற நேரத்துக்காவது கீழ இறங்கி வருவாங்கன்னு படியையே பாத்துட்டு நின்னேன். வரல. மேலேருந்து குரல்தான் வந்துச்சு. ஊர்ல எல்லாருக்கும் சொல்ற மாதிரி, இத்தனாம் நம்பர் வண்டி இத்தனாம் நடைமேடையிலிருந்து புறப்படும்னு. பெத்த பொண்ணு போறா, அவங்க நம்பர் சொல்லிட்டிருக்காங்க. பதினஞ்சு வருஷமா அது எனக்கு ஆறல. மூணு வருஷம் முன்னாடி போன்ல அதைக் கேட்டேன். அவங்க 'அது என் வேலை'ன்னாங்க. நான் வெச்சுட்டேன்."

அவள் அழுதாள். அழுகையை அடக்கத் தெரியாத முகம், மூக்கெல்லாம் சிவந்துபோயிற்று. மேகம் சிஸ்டர் கையைப் பைக்குள் விட்டாள். விரலில் பட்டை தட்டுப்பட்டது.

"ரெண்டே நாள் சிஸ்டர். ரெண்டு நாள் அவங்க கண்ண முழிச்சாப் போதும். எனக்குக் கேக்கணும். நான் பாத்த மூஞ்சி வேற, அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டது வேற யாரோ மாதிரி இருக்கு."

புதுப் பட்டை எழுத வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பெஞ்சுக்கு எதிரே ஜன்னலில் வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. டீ மெஷின் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தது. மகளின் குரல் அம்மாவின் குரலிலிருந்து வெட்டியெடுத்த துண்டாக இருந்தது. கேட்கக் கேட்க அவளுக்குக் கால் எழவில்லை. அந்த அம்மா அறிவித்து மூன்று மத்தியானம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மத்தியானம் அந்தக் குரல் கிடைத்தால் என்ன குடி முழுகிப்போகும்? எழுந்திரு, எழுந்திரு என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டிருந்தது. இன்னொரு மனசு பைக்குள் பட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வார்டுக்குள் ஏழாம் கட்டிலின் நாடித்துடிப்பு மெஷின் கத்தியது.

உதவிக்கு வந்தவள் மணியை அமுக்கிவிட்டாள். கீழிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தது அந்த வாரம்தான் சேர்ந்த இளம் டாக்டர். ஏழாம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். இளம் டாக்டர் முதலில் செய்ததே சரியான காரியம்தான். வலது கையைத் தூக்கிப் பார்த்தார், இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஊதா இல்ல. ஃபைல் எங்க?"

"பெரிய சிஸ்டர் மேல எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றாள் உதவிக்கு வந்தவள்.

"இவங்களப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? குழாய் போடலாமா?"

இரண்டு மூச்சு நேரம் காத்திருந்தார். அதற்கு மேல் அவரால் காத்திருக்க முடியாது.

மகளோடு உள்ளே ஓடிவந்த மேகம் சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கை பைக்குள், கைக்குள் பட்டை. எதிரே மகள். தாள் இருப்பது மகளுக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். மகளின் கண்கள் கெஞ்சின. சத்தமெல்லாம் எங்கேயோ விலகிப்போய், திரை உப்பி இளைத்து, கட்டில் தரையை விட்டு எழும்பி, ஒரு பெரிய நிலையத்தின் நடுவில் அவள் மட்டும் தனியாக நின்றாள். யாரோ ஏதோ அறிவிக்கப்போகிறார்கள். அறிவிக்க வேண்டியது அவள்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது என்று சொல்வதும் பொய்தான். அவள் ஒட்டவைத்தாள்.

குழாய் உள்ளே போயிற்று.

வார்டின் கோடியிலிருந்த கண்ணாடி அறைக்கு அந்த அம்மாவை மாற்றினார்கள். மெஷின் அவருக்காக மூச்சு விட்டது. அரை மணி கழித்துப் பெரிய சிஸ்டர் ஃபைலோடு இறங்கிவந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இவங்களுக்குத் தாள் இருக்கே. பட்டை எங்க?"

மேகம் சிஸ்டர் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். வியர்வையில் எழுத்துக் கலங்கியிருந்தது.

பெரிய சிஸ்டர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "வெட்டிட்டு மறந்துட்டியா? உனக்கு மேகம்னு பேரு வெச்சவங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்." கோபத்திலும் ஒரு பழகிய பரிவு இருந்தது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. காரணம் எழுதற தாள்ல மறதின்னு எழுதிக் குடு. ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க."

 தலையசைத்தாளா இல்லையா என்று அவளுக்கே ஞாபகமில்லை. அன்று மத்தியானம் வார்டு தூங்கவில்லை. நாலாம் கட்டில் அம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏம்மா, அவங்களுக்கு ஊதா வளையல் போட்டிருந்தீங்களே" என்றார். சும்மா கேட்டதுதான். ஆனால் அவள் கையை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

நரைத்த டாக்டர் வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாள் செல்லும். குழாயை எடுத்துடலாம். ஆனா கெட்ட காத்து வெளிய போகுது, நாளைக்குத் தெளிவா முழிச்சுக்குவாங்க. அவங்களையே கேட்டுட்டு எடுப்போம். இன்னொரு தடவ அவங்களக் கேக்காம எதுவும் பண்ண வேணாம்" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் அம்மா முழித்துக்கொண்டார். மகள் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு பேசினாள், காலையிலிருந்து பேசினாள். பதினைந்து வருஷத்தையும் கொட்டினாள். அம்மா பார்த்துக்கொண்டேயிருந்தார். வாயில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. பிடுங்கிவிடாமலிருக்க இரண்டு கையும் துணியால் தளர்வாகக் கட்டப்பட்டிருந்தது. "ஏன்மா இறங்கி வரல? ஒரு வார்த்தை சொல்லேன்" என்று மகள் வாய்தவறிக் கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எந்தக் குரலைக் கேட்கக் கடல் தாண்டி வந்தாளோ, அந்தக் குரலைக் கெஞ்சிக் கேட்டு அவளே அடைத்துவைத்திருக்கிறாள். நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

மேகம் சிஸ்டர் உள்ளே வந்து, ஒரு கைக்கட்டை அவிழ்த்து, அட்டையில் தாள் வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். அந்த அம்மாவின் முகத்தை அவளால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. பேனா தாளில் வழுக்கி வழுக்கி நகர்ந்தது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. படிக்க நேரமாயிற்று.

ஊதா எங்கே.

மகளும் படித்தாள். இரண்டு பேரும் வெளியே நடைக்கு வந்தார்கள். அதே பெஞ்சு.

"நான்தானே கேட்டேன்" என்றாள் மகள். "உங்களுக்கு ஏதாவது வந்தா, நான் கேட்டதுனாலன்னு சொல்லிடுங்க சிஸ்டர்."

"நீங்க கேட்டீங்க. கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு" என்றாள் மேகம் சிஸ்டர். "பட்டை என் பையிலதான் இருந்துச்சு."

மகள் கைக்குட்டையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எடுக்கச் சொல்லிடலாம்" என்றாள்.

டாக்டர் கட்டிலருகே குனிந்து கேட்டார். குழாயை எடுத்தால் அதிக நேரம் இருக்க மாட்டீர்கள், இன்றோ நாளையோ, மூச்சுத் திணறாமல் மருந்து கொடுப்போம், எடுக்கட்டுமா என்று. அந்த அம்மா தலையசைத்தார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு முறை அசைத்தார். பிறகு மூன்றாவது முறையும்.

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்குக் குழாய் வெளியே வந்தது. இருமலும் எச்சிலுமாகக் கொஞ்ச நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது. மருந்து இறங்கியதும் மூச்சு அடங்கி ஒரு சீருக்கு வந்தது. முதலில் "தண்ணி" என்றார். குரல் குரலாக இல்லை, தகரத்தில் கீறினாற்போல் இருந்தது. பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாள் மேகம் சிஸ்டர்.

"என்ன சிஸ்டர்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு வந்துபோயிற்று. "மறந்துட்டியா?"

தப்பிக்க வாசல் திறந்துதான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய சிஸ்டர் நம்பியாயிற்று, டாக்டர் நம்பியாயிற்று, இவரும் நம்பத் தயாராகத்தான் கேட்கிறார். மேகம்தானே.

"இல்லம்மா. மறக்கல." அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "வெட்டினது அவசரத்துல. ஆனா டாக்டர் கேட்டப்ப பட்டை என் கையிலதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் சும்மா நின்னேன்."

"யாருக்காக?"

"உங்க பொண்ணுக்காகன்னு நினைச்சேன். எனக்காகவும்தான். உங்க குரல் இல்லாம மத்தியானம் போகலம்மா."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.  வெயில் சதுரம் கட்டிலின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என் தொண்டை சிஸ்டர்" என்றார் கடைசியில். "எல்லாரும் அவங்கவங்களக் கேட்டுக்கிட்டீங்க. என்னைய யாரும் கேக்கல."

 சமாதானமாக அவள் எதையாவது சொல்லியிருந்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை. நல்லவேளை, சொல்லவில்லை.

அறிவிப்பாளர் அம்மா இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து நீட்டினார். "கட்டு."

மேகம் சிஸ்டர் மேஜைக்குப் போய், புதுப் பட்டையில் பெயரையும் நம்பரையும் எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டு வந்து கட்டினாள். இறுக்காமல், உள்ளே ஒரு விரல் போகிற அளவுக்கு. அந்த அம்மா கையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்துப் பார்த்தார். இனி யாரையும் நம்புவதற்கில்லை என்று தீர்மானித்த முகம். சரியாக இருக்கவே கையை இறக்கினார்.

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீ கேட்டதெல்லாம் காதுல விழுந்துச்சு. இப்ப நான் சொல்றேன், குறுக்க பேசாத. மூச்சு கம்மியா இருக்கு."

மகள் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வண்டிய ரெண்டு தடவதான் அறிவிக்கணும். விதி. உன் வண்டிய மூணு தடவ அறிவிச்சேன். மேலதிகாரி விளக்கம் கேட்டு எழுதினார். வாய்தவறிப் போச்சுன்னு பதில் குடுத்தேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "மூணாவது தடவ உனக்குச் சொன்னது. கீழ இறங்கி வந்திருந்தா உன்ன ஏத்திவிட்டிருக்க மாட்டேன். கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்."

"நான் எண்ணலயேம்மா" என்றாள் மகள். "எண்ணாமப் போயிட்டேனே."

"இப்ப எண்ணிக்கோ" என்றார் அம்மா. அந்தத் தகரக் குரலிலும் பழைய குறும்பு ஒரு நூலளவு எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் சின்னச் சின்னது. யார் யாருக்கு என்ன சொல்ல வேண்டும், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, மகளுக்கு உடம்பு இளைத்துவிட்டது. ஒன்றரை மணிக்கு வார்டு கண்ணயர ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அப்பால் கட்டில்கள் ஒவ்வொன்றாக எழும்பின. மேகம் சிஸ்டர் கால்மாட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். கிட்டே போக அவளுக்கு முகம் இல்லை. கொடுத்த வாக்கு நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

"அங்க என்ன நிக்கற?" அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "வாக்குக் குடுத்தியே."

"கோவமா இருக்கீங்களேம்மா."

"கோவம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ வா."

போய் இடது கையைப் பிடித்தாள். பட்டை அவள் உள்ளங்கையில் பட்டது. மூச்சு நீண்டது, பிறகு நின்று யோசித்தது, பிறகு மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் யோசனை கொஞ்சம் கூடிக்கொண்டே போயிற்று. ஏதாவது அறிவிப்பாரோ என்று மேகம் சிஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. திரை ஒரு முறை உப்பி இளைத்தது. அவ்வளவுதான். மெஷின் எதுவும் கத்தவில்லை, யாரும் ஓடிவரவில்லை. மகள் வெகுநேரம் வலது கையை விடவில்லை, மேகம் சிஸ்டரும் இடது கையை விடவில்லை.

மறுநாள் மத்தியானம் மேஜைமேல் காரணம் எழுதுகிற தாள் காத்திருந்தது. பட்டை இல்லாமல் போனதற்குக் காரணம் என்ற கேள்விக்கு எதிரே, பெரிய சிஸ்டர் பென்சிலால் மெல்லிசாக 'மறதி' என்று எழுதிவைத்திருந்தார். நல்ல மனசு, மேலே பேனாவை ஓட்டினால் போதும் என்று.

"யோசிச்சு எழுது" என்றார் பெரிய சிஸ்டர், மாத்திரை எண்ணிக்கொண்டே. "வேற மாதிரி எழுதினா விசாரணை வரும். வேலைக்கே ஆபத்து. இருபத்திரண்டு வருஷம்."

"தெரியும் சிஸ்டர்."

ரப்பரை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்தாள். தூசியை ஊதினாள். பேனாவால் எழுதினாள். பட்டையை நான் வெட்டினேன். டாக்டர் கேட்டபோது அது என் கையில் இருந்தது. நான் மறக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டாள். பட்டப்பெயர் இல்லை, சொந்தப் பெயர்.

வார்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் கட்டிலில் புது விரிப்பு விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டிருந்தார்கள். அவள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, எழுதியதை வாய்விட்டு ஒரு முறை வாசித்தாள். பெரிய சிஸ்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மறுபடியும் வாசித்தாள். மூன்றாவது முறை வாசிக்கும்போதுதான் குரல் நடுங்காமல் வந்தது.